திருந்தித் தொலைத்தவன்

புதன்கிழமை சாயங்காலம் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அழுவதற்கென்று ஒரு வரிசை இருந்தது. யாரும் போட்டுக் கொடுத்த வரிசை இல்லை. ஆனாலும் யார் முதலில், யார் கடைசியில் என்பதில் இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. ஆலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்ததும், தலைவியம்மா கைப்பையை மடியில் ஏற்றிக்கொண்டு, "யார் யாருக்கு என்ன பாரமோ, மனசு விட்டுச் சொல்லுங்க" என்பாள். முட்டிவலிக்காரி முட்டியைப் பற்றிச் சொல்வாள். மகன் போன் செய்வதில்லை என்று இன்னொருத்தி மூக்கைச் சிந்துவாள். இதெல்லாம் முன்னோட்டம். கடைசியில் எல்லாத் தலைகளும் காலர்க்காரி பக்கம் திரும்பும்.

சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் மட்டும் வைப்பவள் என்பதால் காலர்க்காரி. ஆஸ்பத்திரிச் சட்டையோ காவலாளிச் சட்டையோ, உடம்பையும் கையையும் வேறு யாராவது தைத்து அனுப்புவார்கள், கழுத்து அவளுடையது. காலர் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். பக்கத்து மெஷின்காரி வைத்த காலரைப் பார்த்தால் உதட்டைச் சுழிப்பாள். கூட்டத்திலும் அதே சுழிப்புதான். முட்டிவலியெல்லாம் ஒரு பாரமா? போன் வராததெல்லாம் ஒரு சிலுவையா? இவர்கள் கொண்டுவருவதெல்லாம் துண்டுத்துணி. அவளிடம் இருந்தது முழுப் பீஸ், குடிகாரப் புருஷன்.

அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு நேர்த்தி உண்டு. முதலில் ஒன்றும் பேசமாட்டாள். கைக்குட்டையை நாலாக மடிப்பாள். "என்னன்னு சொல்றது" என்று ஆரம்பித்து, நிறுத்தி, எச்சில் விழுங்குவாள். அதற்குள் இரண்டு பேர் விசும்பத் தொடங்கியிருப்பார்கள். அவன் தட்டுகளை உடைத்தது, வாசலில் விழுந்து கிடந்தது, அவளைத் தள்ளிவிட்டு மணிக்கட்டை முறித்தது என்று ஒவ்வொன்றாக அவள் எடுத்து வைக்க, பெண்களின் கைகள் அவள் தலையிலும் தோளிலும் முதுகிலும் வந்து விழும். "ஆண்டவரே, இந்த மனுஷனைத் தொடும்! இன்னைக்கே தொடும்!" என்று கூரை அதிரும். அந்தக் கைகளின் சூட்டில்தான் அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள். இத்தனைக்கும் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மணிக்கட்டு நிஜமாகவே முறிந்தது, குளிர் நாளில் இன்றும் ஊசியைப் பிடிக்க விடாது.

இந்த நிலையில்தான் ஆண்டவர் அந்த மனுஷனைத் தொட்டுத் தொலைத்தார்.

தொட்டதும் ஒன்றும் பிரமாதமாக இல்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். போதையோடு வேலைக்குப் போனவன் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி லிஃப்ட் கதவைச் சரியாகப் பூட்டாமல் வந்துவிட்டான். மறுநாள் காலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் கதவைத் தள்ள, அது திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை, வெறும் குழி. தூக்கிய காலை அவள் வைப்பதற்குள் பின்னால் நின்றவர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விஷயம் தெரிந்ததும் மெக்கானிக் அந்தக் கட்டடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தான், எழுந்தான், நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போய் அழுதான். அன்றோடு குடி போயிற்று. அந்தப் பெண் விழவே இல்லையே, விழாதவளுக்காக இத்தனை அழுகையா, என் மணிக்கட்டு முறிந்தபோது இவன் கண்ணில் ஒரு சொட்டு வந்ததா என்றுதான் காலர்க்காரிக்குத் தோன்றியது. நியாயமான கேள்விதான்.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவன் மண்டி போட்டான். "உனக்கு நான் செஞ்சது ஒண்ணு ரெண்டு இல்ல. கேக்கறதுக்கு எனக்கு வாய் கிடையாது. இருந்தாலும் கேக்கறேன். என்னை மன்னிச்சிடு."

அவள் பல்லில் இருந்த நூலைக் கடித்துத் துப்பினாள். "எந்திரிங்க. மண்டி போட்டிருக்கறது துவைச்ச துணி மேல."

அவன் எழுந்து அந்தத் துணியை மடித்து வைத்தான். அதையும் கோணலாகத்தான் மடித்தான்.

அவன் மறுபடி விழுவான் என்று அவள் காத்திருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள். கிரீஸ் வாசனையும் வியர்வை வாசனையும்தான் வரும். மாதங்கள் ஓடின. படுபாவி விழவே இல்லை. பாத்திரம் கழுவினான், கழுவிய தட்டில் சோப்பு நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. டீ போட்டான், வாயில் வைக்க விளங்கவில்லை. கழுவும்போதும் போடும்போதும் சுருதி சேராமல் பாட்டு வேறு. குடித்த காலத்தில் அவனைக் கண்டால் அவளுக்குப் பயமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஞாயிறு காலையில் தலையைப் படிய வாரி, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஆளைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லவனாக இருப்பதில்கூட இவனுக்குக் கைவேலை சுத்தமில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இதைவிடப் பெரிய அடி புதன்கிழமையில் விழுந்தது. அவன் திருந்திய வாரம் அவள் எழுந்து நின்று, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொன்னாள். ஹாலே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. தலைவியம்மா கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அடுத்த வாரம் எல்லோருடைய முறையும் முடிந்து அவள் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தபோது, "நம்ம அக்காவுக்கு இனி என்ன குறை, ஸ்தோத்திரம்தான்!" என்று சொல்லிவிட்டுத் தலைவியம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கத்தில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போய்விட்டானாம். அவ்வளவுதான், அத்தனை கைகளும் அவள் முதுகுக்குப் போய்விட்டன. அவளுக்கு ஒழுங்காக அழக்கூடத் தெரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே ஓவென்று கத்தி, நடுவில் விக்கல் வந்து, என்ன நடந்தது என்பதே யாருக்கும் புரியவில்லை. காலர்க்காரி உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் ஒருவர் கையும் இல்லை. அன்று வீடுவரை நடந்து வரும்போது தன்னை யாரோ வேலையிலிருந்து நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

சில வாரங்கள் பொறுத்தாள். மணிக்கட்டைச் சொல்லிப் பார்த்தாள், அது முட்டிவலியோடு சேர்த்து ஒரே ஜெபத்தில் போயிற்று. பிறகு ஒரு புதன்கிழமை, ஓடிப்போனவன் பெண்டாட்டி விக்கி முடித்த அமைதியில், காலர்க்காரியின் வாய் தானாகத் திறந்தது.

"அவர் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு."

ஹால் மூச்சை உள்ளே இழுத்தது. நாற்காலிகள் நகர்ந்தன. தலைவியம்மாவே எழுந்து வந்தாள். தலையில் ஒரு கை, தோளில் இரண்டு, முதுகில் எத்தனை என்று தெரியவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அழுகை மட்டும் நிஜம்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும். அடுத்த வாரம் அவன் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தான். அதற்கடுத்த வாரம் வாசலில் விழுந்தான். அப்புறம் அலமாரிக் கண்ணாடியை உடைத்தான், சில்லுகளை அவள் கையாலேயே பொறுக்கினாள். சொல்லும்போது விரல் எரிகிற மாதிரிகூட இருந்தது. காலர் வைக்கும் அதே நேர்த்தியோடு அவள் பொய்யைத் தைத்தாள், எங்கேயும் ஒரு நூல் வெளியே தெரியவில்லை. அந்த நேரங்களில் அவன் வீட்டில் உட்கார்ந்து, திருவிருந்து நாளுக்காகத் தன்னுடைய ஒரே நல்ல சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சபையில் திருவிருந்து சும்மா கிடைத்துவிடாது. பகிரங்கமாகப் பாவத்தில் இருப்பவர்களுக்குப் பந்தி கிடையாது. மற்றவர்கள் முன்னால் போய் ரொட்டியும் திராட்சை ரசமும் வாங்கும்போது அவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மெக்கானிக் வருஷக்கணக்காக அந்த பெஞ்சுக்காரன். அதாவது, வந்த நாட்களில். இப்போது வருகிற ஞாயிறு அவனை மறுபடி பந்தியில் சேர்ப்பதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிப் பரபரத்திருக்கமாட்டான். "இந்தக் காலர் நைஞ்சு போச்சு, கொஞ்சம் திருப்பி வச்சுத் தர்றியா?" என்று அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். சாப்பிடப் போவது விரல்நுனி அளவு ரொட்டி, அதற்கு இந்த அலங்காரமா என்று நினைத்தாலும், வைத்துக் கொடுத்தாள். கோணலான காலரோடு ஒருத்தன் தன் வீட்டிலிருந்து வெளியே போவதை அவளால் தாங்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தலைவியம்மா, யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற நிபந்தனையோடு, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் தன் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைவிடத் தன் பிரசங்கத்தை நன்றாகத் தெரிந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். அவள் தையல் மெஷினை விட்டு எழாமல் இருந்தாள்.

"மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றார் பாஸ்டர். "மறுபடியும் குடிக்கிறீங்களாம். அலமாரிக் கண்ணாடியைக்கூட உடைச்சிட்டீங்களாம். உங்களை நான் எவ்வளவு நம்பினேன்!"

மெக்கானிக் அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தான். கண்ணாடி முழுசாக, துடைத்து வைத்த பளபளப்போடு, பாஸ்டரின் பின்மண்டை வழுக்கையைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்தான். அவள் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நூல் ஊசிக்காதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிற்று. இப்போது சொல்லிவிடுவான், கண்ணாடியைக் காட்டி ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவான், நாளைக்குச் சபை முழுக்கச் சிரிக்கும் என்று அவள் நினைத்தாள்.

"ஆமாங்க பாஸ்டர்," என்றான் அவன். "தப்புதான்."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். நாளைக்குப் பந்தி இல்லை, இன்னும் கொஞ்ச காலம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கர்த்தரிடம் மன்றாட வேண்டும் என்றார். அவன் தலையை ஆட்டினான். அவர் நீளமாக ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்தார். போகிற போக்கில் அலமாரிக்கு முன்னால் நின்று, கலைந்திருந்த நாலு முடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்த முதல் மனுஷர் அவராகத்தான் இருக்கும்.

கதவு சாத்தியதும் அவள் பாய்ந்தாள். பயந்தவர்கள் அப்படித்தான் பாய்வார்கள். "யோவ், என்னய்யா இது? பெரிய தியாகின்னு நினைப்பா? வாய் எங்க போச்சு? அதான் பின்னாடி கண்ணாடி குத்துக்கல்லாட்டம் இருக்கே!"

"நீ சொன்னதெல்லாம் நான் செஞ்சதுதானே," என்றான் அவன். "நாள்தான் முன்னப்பின்ன."

"கண்ணாடிய எப்ப உடைச்ச?"

"தட்டை உடைச்சேன். உன் கையை உடைச்சேன். கண்ணாடி மட்டும் ஏதோ தப்பிச்சுக்கிச்சு."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திருப்பி வைத்த காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"நீ பொய் சொன்னேன்னு அவர்கிட்ட நான் சொன்னா, அப்புறம் அந்தப் பொம்பளைங்க முகத்தில நீ எப்படி முழிப்ப? உனக்குன்னு இருக்கறது அந்த ஒரு புதன்கிழமைதான். இத்தனை வருஷமா என்கூட இருந்து உனக்கு ஆறுதல்னு வேற என்ன கிடைச்சுது? அங்க போய் அழுதாதான் நாலு பேர் உன்னைத் தொடறாங்க. அந்த நெலமைக்கு உன்னைக் கொண்டுவந்து விட்டதே நான்தான். அதையும் பிடுங்கிக்கிட்டு நான் போய் ரொட்டி சாப்பிடணுமா?"

அவன் அதைச் சத்தமில்லாமல், லிஃப்டில் என்ன கோளாறு என்று வீட்டுக்காரருக்கு விளக்குவது போலச் சொன்னான். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் உதட்டைச் சுழித்திருப்பாள். அவனிடம் பயன்படுத்த அவளிடம் இந்த இரண்டுதான் இருந்தன. இரண்டும் அன்று வேலைக்கு ஆகவில்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஒவ்வொரு புதனும் அவள் எதற்குப் போகிறாள் என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது. இவனை ஒரு மண்ணும் தெரியாதவன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிறு காலையில் பந்தி இல்லாவிட்டாலும் அவன் அந்தச் சட்டையைத்தான் போட்டான். ஆலயத்தில் யாரும் சொல்லாமலே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவளுக்கு முன்வரிசையில் தலைவியம்மா பக்கத்தில் இடம் காத்திருந்தது. "வாக்கா, வா. மனசைத் தளரவிடாதே," என்று ஒருத்தி காதோரம் சொன்னாள். தலைவியம்மா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பிக் கடைசி பெஞ்சை ஒரு பார்வை பார்த்தாள். காலில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. "மூஞ்சியைப் பாரு, ஒண்ணும் தெரியாத பச்சைப்புள்ளை மாதிரி!"

அந்தப் பார்வை காலர்க்காரிக்குப் பழக்கமானது. அவள் வீட்டில், வேலையில், புதன்கிழமையில், எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டு திரிந்த பார்வைதான் அது. வேறொருத்தி முகத்தில் வைத்துப் பார்த்தபோது குமட்டியது. தலைவியம்மாவின் கை கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதகதப்பு அவளுக்குரியது இல்லை, கடைசி பெஞ்சில் இருந்து திருடியது.

பாஸ்டர் ரொட்டியைப் பிட்டு ஜெபித்து, பந்திக்கு அழைத்தார். முன்வரிசை எழுந்தது. அவளும் எழுந்தாள். அவள் முறை வந்தது. "இது உனக்காகப் பிட்கப்படுகிற…" என்று பாஸ்டர் நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை.

"அவர் குடிக்கலைங்க பாஸ்டர்," என்றாள்.

பாஸ்டருக்குப் புரியவில்லை. இப்படி நடுவில் யாரும் பேசியதில்லை. "அப்புறம் பேசலாம்மா," என்றார் மெதுவாக.

"அப்புறம்னா எனக்கு தைரியம் வராது. அன்னைக்கு விட்டவர் விட்டவர்தான், ஒரு சொட்டுத் தொடல. புதன்கிழமை நான் சொன்னதெல்லாம் பொய். கண்ணாடி உடையவே இல்ல. நேத்து நீங்களே அதுல தலை வாரிட்டுப் போனீங்க."

ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பாஸ்டரின் கை தன்னையறியாமல் தலைக்குப் போய்த் திரும்பியது. அழவேண்டிய நேரம் அது. ஆனால் பாருங்கள், அவ்வளவு கைதேர்ந்தவளுக்கு அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அசிங்கமாக, கட்டைக்குரலில்தான் பேச முடிந்தது. "ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. நீங்கள்லாம் என்னைத் தொடணும்னு சொன்னேன்."

தலைவியம்மா தன் கைப்பையை எடுத்து, காலர்க்காரி உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள். முட்டிவலிக்காரி முட்டியை மறந்து விடுக்கென்று நகர்ந்தாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி மட்டும் விக்கினாள். பாஸ்டர் சட்டம் தெரிந்தவர். ரொட்டித் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீங்க போய்ப் பின்னாடி உட்காருங்கம்மா," என்றார். பிறகு குரலை உயர்த்தி, "அவரை வரச் சொல்லுங்க" என்றார்.

அவள் நடுப்பாதையில் நடந்தாள். இரண்டு பக்கமும் அத்தனை முகங்கள். எல்லா முகத்திலும் அந்தச் சுழித்த உதடு. கம்பெனியில் பிரித்துப் போட்ட காலர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்ப்பது போல இருந்தது. எதிரே அவன் வந்துகொண்டிருந்தான். பாதை குறுகலானது, ஒருவருக்கொருவர் ஒதுங்கித்தான் போக வேண்டியிருந்தது. அவன் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை, சட்டைக் கழுத்தைத்தான் பார்த்தாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

இனி இவன் என்னை மதிக்கமாட்டான், ஏன் மதிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு மனுஷன் திருந்தி வந்து மண்டி போட்டுக் கேட்டபோது துணியைக் கணக்குப் பார்த்தவள் நான். அவனுக்கென்று இருந்த ஒரே ஒரு விருந்தைத் தட்டிவிட்டவள் நான். அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் மேல் இல்லாமல் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அது மணிக்கட்டு முறிந்ததைவிட வலித்தது.

முன்னால் அவன் உள்ளங்கையை விரித்து நின்றான். பாஸ்டர் ரொட்டியை வைத்தார். மற்றவர்கள் அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொள்வார்கள், அதுதான் வழக்கம். அவன் கையை மூடிக்கொண்டு திரும்பினான்.

"இங்கயே சாப்பிடணும்," என்றார் பாஸ்டர்.

"சாப்பிடறேங்க பாஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே அவன் நடந்து வந்தான். இத்தனை வருஷம் ஏங்கிய ரொட்டியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்க, கடைசி பெஞ்சு வரைக்கும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைத் திறந்தான். விரல் மடிப்புகளில் கிரீஸ் கறை போகாத அந்தக் கையில் சின்ன வெள்ளைத் துண்டு. அதை இரண்டாகப் பிட்டான். வழக்கம்போலக் கோணலாகத்தான் பிட்டான். பெரிய பாதியை அவளிடம் நீட்டினான்.

"எனக்குக் கூடாது," என்றாள் அவள். "அவர் சொல்லிட்டாரு. கேட்டீங்கல்ல?"

"எனக்கு மட்டும் என்ன, தகுதி பாத்துச் சம்பளமாவா குடுத்தாங்க?" என்றான் அவன். "பிடி."

"உங்களுக்கு என்மேல கோவமே இல்லையா?"

"இருந்துச்சு. நேத்து நீ நூல் கோக்க முடியாம தவிச்சதைப் பாத்தேன், போயிடுச்சு."

பாஸ்டர் ரொட்டித் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் கைப்பைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆளின் மேல் சொல்லமுடியாத ஆசையாகவும் இருந்தது. அவள் கையை நீட்டினாள்.